வயிற்றுக்கு 4,800 வெள்ளிப் பேக்கேஜ் தேவையா?

பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒரு சகோதரி எழுதிக் கேட்டிருந்தார். வயது 44. மூன்று வருடமாகச் சாப்பிட்டதும் வயிறு பானை மாதிரி உப்பிக்கொள்கிறது. சில நாள் நாலு தடவை தண்ணீராகப் போகிறது, சில நாள் போகவே மாட்டேன் என்கிறது. போன வருடம் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் செய்து பார்த்து, "பெரிதாக ஒன்றுமில்லை, கேஸ்திரிக்தான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இப்போது ஃபங்ஷனல் மெடிசின் பார்க்கும் ஒரு நிலையத்தில் இருநூற்றுச் சொச்சம் உணவுகளுக்கு ரத்தப் பரிசோதனை, மலப் பரிசோதனை, மூன்று மாதத்துக்குச் சத்து மாத்திரை எல்லாம் சேர்த்து 4,800 வெள்ளி என்கிறார்களாம். "குடலைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள் அக்கா, நம்பலாமா? தீபாவளிக்கு எடுத்து வைத்த காசு அது." கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "இனிப்புநீருக்கு மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறேன், வேறு வியாதி இல்லை."

தங்கச்சி, அந்தக் கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். மெட்ஃபார்மினை எப்போது ஆரம்பித்தீர்கள்? அதுவும் மூன்று வருடம், வயிற்றுக் கோளாறும் மூன்று வருடம் என்றால், காசைத் தொடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இதுதான். மெட்ஃபார்மின் நல்ல மருந்து. இனிப்புநீருக்கு உலகம் முழுக்கப் பெரும்பாலும் முதலில் எழுதிக் கொடுப்பது அதைத்தான். ஆனால் சாப்பிடுகிறவர்களில் நாலைந்து பேருக்கு ஒருவருக்கு உப்புசம், குமட்டல், பேதி என்று ஏதாவது ஒன்று வரும். பலருக்கு முதல் சில வாரங்களில் வந்து அடங்கிவிடும். சிலருக்கு அடங்காது. வருடக்கணக்கில் ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று தொடங்குகிறவர்களும் உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் இன்னும் மோசம்.

இதே மருந்து மெதுவாகக் கரையும் வகையிலும் இருக்கிறது. அதற்கு மாற்றியதும் வயிறு அமைதியானவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். நீங்களாக மட்டும் நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை ஏறிவிடும். அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: "இந்த மாத்திரைக்குப் பிறகுதான் வயிறு இப்படி ஆச்சு டாக்டர், மெதுவாகக் கரைகிற வகை போட்டுப் பார்க்கலாமா?" அங்கே ஒரு தடவை பார்க்க ஒரு வெள்ளி. அப்படியே பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள், பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் அது குறையும். மலேசியாவில் இனிப்புநீர் அதிகம் இருப்பது நம் இந்தியர்களிடம்தான் என்பதால், வயிறு சரியில்லை என்று எந்தத் தமிழ் வீட்டிலிருந்து யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது மாத்திரைப் பையைத்தான். பையைக் கொட்டிப் பார்த்தால் மூட்டு வலி மாத்திரை, சர்க்கரை இல்லாத மிட்டாய், நாட்டு மருந்துக் கடைப் பொடி எல்லாம் வரும். வலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கும். மிட்டாயில் இருக்கும் சார்பிட்டால் பேதியாக்கும். பொடியில் நிலாவரை இருக்கும், அது மலத்தை இளக்கும்.

சரி, ஃபங்ஷனல் மெடிசினுக்கு வருவோம். அமெரிக்காவில் ஜெஃப்ரி பிளாண்ட் என்ற உயிர்வேதியியலாளர் 1991-இல் மனைவி சூசனுடன் சேர்ந்து இதற்கென்று ஒரு நிறுவனம் தொடங்கினார். 2014-இல் கிளீவ்லாண்ட் கிளினிக் போன்ற பெரிய மருத்துவமனையே இதற்குத் தனிப் பிரிவு திறந்தது. நோய்க்கு ஒரு பெயர் வைத்து மாத்திரை கொடுப்பதோடு நிற்காமல், ஏன் வந்தது என்று வேரைத் தேட வேண்டும் என்பது இவர்கள் சொல்வது. ஒரு மணி நேரம் உட்கார வைத்துக் கேட்பார்கள். எப்போது தொடங்கியது, அதற்கு முன் என்ன நடந்தது, காய்ச்சல் வந்ததா, ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டீர்களா, வேலை மாறியதா, வீட்டில் துக்கமா, எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேல் பினாங்கில் உணவியலாளராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்விகளை நான் மதிக்கிறேன். கூட்டம் நிரம்பி வழியும் கிளினிக்கில் ஒரு மருத்துவருக்கு இத்தனையையும் கேட்க நேரம் கிடைப்பதில்லை. ஆனால் பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. வயிற்றுப்போக்குக் கிருமி வந்து போனவர்களில் சுமார் பத்துப் பேருக்கு ஒருவருக்குக் கிருமி போன பிறகும் குடல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, ஐபிஎஸ் என்ற குடல் எரிச்சல் நோயாக நின்றுவிடுகிறது. "அந்தக் கல்யாணச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான்" என்று யாராவது சொன்னால் நான் காதைத் தீட்டிக்கொள்வேன்.

ஃபங்ஷனல் மெடிசின்காரர்கள் குடலுக்கென்று வைத்திருக்கும் முறையில் ஐந்து படிகள். தொந்தரவு தருவதை நீக்குவது, குறைவதை நிரப்புவது, நல்ல நுண்ணுயிரை மறுபடி குடியேற்றுவது, குடல் சுவரைப் பழுதுபார்ப்பது, தூக்கம், மனம், வாழ்க்கை எல்லாவற்றையும் சமன்செய்வது. முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. நடுவில் உள்ள மூன்றில்தான் புட்டிகள் விற்பனையாகின்றன. ஐந்து படிக்கும் காசு கட்டிவிட்டு நடு மூன்றை மட்டும் வாங்கி வீட்டுக்கு வருகிறவர்கள் அதிகம், எனக்கு வருத்தம் அதுதான்.

அந்த இருநூறு உணவு ரத்தப் பரிசோதனையை எடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். அது ரத்தத்தில் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை அளக்கிறது. ஓர் உணவை அடிக்கடி சாப்பிட்டால் உடம்பு அதை அடையாளம் தெரிந்து வைத்திருக்கும், அந்த அடையாளம்தான் ஐஜிஜி. அந்த உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கு அது சான்று ஆகாது. அமெரிக்கா, கனடா, ஐரோப்பா மூன்று இடத்து ஒவ்வாமை மருத்துவச் சங்கங்களும் உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்கின்றன.

ஒரு அம்மா இப்படிப்பட்ட அறிக்கையோடு என்னிடம் வந்தார். அரிசி, முட்டை, தேங்காய், பால், மிளகாய், நெத்திலி என்று நாற்பதுக்கு மேல் சிவப்பு. நாம் தினமும் சாப்பிடுவது எதுவோ அதுவெல்லாம் சிவப்பு. அவர் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். ஐந்து மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்து, தலைமுடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, பேரப்பிள்ளை பிறந்தநாளில் ஒரு வாய் சோறு சாப்பிடப் பயந்து உட்கார்ந்திருந்தவரை மறுபடி சாப்பிட வைக்கவே எனக்கு நாலு மாதம் ஆனது. குடல் நுண்ணுயிர்களைப் பட்டியல் போடும் மலப் பரிசோதனையும் இன்றைய நிலையில் சிகிச்சையை முடிவு செய்ய உதவாது. ஒருவருக்கு எந்த நுண்ணுயிர் எவ்வளவு இருந்தால் சரி என்பதற்கு ஒத்துக்கொண்ட அளவுகோல் இன்னும் வரவில்லை.

ஆனால் நம்மவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒரு பரிசோதனை இருக்கிறது, அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எச். பைலோரி. இரைப்பையின் உள்சுவரில் குடியிருந்து புண் உண்டாக்கும் கிருமி. ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982-இல் இதை வளர்த்துக் காட்டினார்கள். மன உளைச்சலும் காரமும்தான் அல்சருக்குக் காரணம் என்று உலகமே நம்பிக்கொண்டிருந்த காலம். யாரும் ஏற்கவில்லை என்பதால் 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சி வரவழைத்துக்கொண்டார். 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மலேசியாவில் நடந்த ஆய்வுகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தெரிகிறது. ஒரே ஊரில், ஒரே தண்ணீரைக் குடித்து வாழ்ந்தும் இந்தக் கிருமி மலாய்க்காரர்களிடம் குறைவு, சீனர்களிடம் அதிகம், இந்தியர்களிடம் மிக அதிகம். பெரும்பாலும் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுகிறது.

அதனால் உங்கள் ஸ்கோப் அறிக்கையைத் தேடி எடுங்கள். இரைப்பையிலிருந்து சிறு துண்டு எடுத்து இந்தக் கிருமிக்குப் பார்த்தார்களா என்று அதில் இருக்கும். பார்க்கவில்லை என்றால் இந்தக் கிருமிக்கென்றே உள்ள மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ போதும். ஒமிப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சாப்பிட்டால் இரண்டு வாரம், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருந்தால் நாலு வாரம் இடைவெளி விட்டுத்தான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். இருந்தால் வழக்கமாகப் பதினான்கு நாள் மருந்து. முடித்து ஒரு மாதம் கழித்துப் போய்விட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். அந்தக் கடைசிப் பரிசோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஒமிப்ரசோல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பிடுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் போட வேண்டிய மாத்திரை அது. சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு "கேட்கவே மாட்டேங்குது" என்கிறவர்கள் நிறைய.

கோதுமையை நிறுத்திப் பார்க்கும் எண்ணம் இருந்தால், நிறுத்துவதற்கு முன்பே, கோதுமைப் புரதத்தால் குடல் பழுதாகும் சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையை எடுத்துவிடுங்கள். நிறுத்திய பிறகு எடுத்தால் நோய் ஒளிந்துகொள்ளும்.

இன்னொன்று. மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தச்சோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வலி அல்லது பேதி, விழுங்கும்போது அடைப்பது, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் இனிச் சொல்லப்போகும் உணவு விஷயம் எதையும் முயற்சி செய்யாமல் நேரே மருத்துவமனைக்குப் போங்கள். உங்களுக்குச் செய்த ஸ்கோப் வாய் வழியாகவா, பெருங்குடலையும் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ளுங்கள். பலர் மேலே மட்டும் பார்த்துவிட்டு "ஸ்கோப் நார்மல்" என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள். என் மாமா ஒருவர் இரண்டு வருடம் ரத்தத்தை மூலம் என்றே நினைத்துக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார். தெரிந்தபோது கட்டி ஈரலுக்குப் போயிருந்தது. மலேசிய ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் குடல் புற்றுநோய்தான். ஐம்பது தாண்டிய உங்கள் கணவரையும் அண்ணன்மாரையும் கிளினிக் கெசிஹாத்தானில் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இவ்வளவும் பார்த்து ஒன்றுமில்லை, ஐபிஎஸ்தான் என்று வந்தால் அப்புறம்தான் சாப்பாடு. அதற்கும் முன் ஒரு நோட்டு. பள்ளிக்கூடப் பயிற்சி நோட்டு போதும். இரண்டு வாரம் எதையும் மாற்றாமல், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்கு, வயிறு என்ன செய்தது, எப்படிப் போனது, எந்த ஷிப்ட், எவ்வளவு நேரம் தூங்கினீர்கள் என்று எழுதுங்கள்.

பட்டர்வொர்த்திலிருந்து தினமும் ஃபேக்டரி பஸ்ஸில் வந்துபோன ஒரு பெண்ணின் நோட்டு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "5.50 தே தாரிக், பிஸ்கட் மூன்று. 6.30 பஸ். பாலத்தில் ஜாம். வயிறு முறுக்கியது, வியர்த்தது." வேலை நாளெல்லாம் இதே கதை. ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் அதே தே தாரிக், அதே பிஸ்கட், எதிரே "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தார். கடலைக் கடக்கும் பதிமூன்றரை கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் பஸ் மாட்டிக்கொண்டால் கழிப்பறைக்கு எங்கே போவது என்ற பயம்தான் வித்தியாசம்.

இதைக் கேட்டு "எல்லாம் மனசுதான்" என்று யாரும் அவரைத் தள்ளிவிடக் கூடாது. குடல் சுவருக்குள் பத்துக் கோடிக்கு மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. நரம்புகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் செரட்டோனின் என்ற பொருளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடலில்தான் உருவாகிறது. மூளை பயந்தால் குடல் நிஜமாகவே வேகமாக ஓடும். அவர் அரை மணி நேரம் முன்னதாக எழுந்து, சூடாக ஏதாவது குடித்து, வீட்டிலேயே உட்கார்ந்து போய்விட்டுக் கிளம்பப் பழகினார். காலையில் வயிற்றுக்குள் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் தானாக அசையும், அந்த அசைவைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பால் கலந்த தே தாரிக்குக்குப் பதில் பால் சேர்க்காத தே ஓ. பஸ்ஸில் மூச்சை நிதானமாக இழுத்து விடும் பயிற்சி. முழுக்கக் குணமாகவில்லை, இன்னும் சில நாள் வரும். ஆனால் லீவு எடுப்பது நின்றது.

இனிச் சமையலறை. ஐபிஎஸ்-க்கு இன்று நல்ல ஆதாரம் உள்ள உணவுமுறை ஃபாட்மாப் குறைத்த உணவு. மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 2000-களில் உருவானது, முயற்சி செய்கிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பலன் கிடைக்கிறது. ஃபாட்மாப் என்பது சில வகைச் சர்க்கரைகள், அவற்றைச் சிறுகுடல் முழுதாக உறிஞ்சாது. அவை தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும், அங்கே நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்துக் காற்றாக்கும். எல்லோருக்கும் இது நடக்கிறது. ஐபிஎஸ் உள்ளவர்களின் குடல் நரம்பு அதே காற்றைப் பெரிதாக உணர்கிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு, கொண்டைக்கடலை, பால், மாம்பழம், தர்பூசணி, காளான் இந்தப் பட்டியலில் முன்னால் நிற்பவை. காலையில் மாமாக் கடையில் ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, தே தாரிக் என்று உட்கார்ந்தால் ஒரே தட்டில் பாதிப் பட்டியல் வந்துவிடுகிறது.

வெங்காயம் பூண்டு இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று எல்லோரும் திகைத்துப்போய்க் கேட்பார்கள். தொந்தரவு தரும் பொருள் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெய் காய்ந்ததும் நாலைந்து பல் பூண்டைத் தட்டாமல் முழுசாகப் போட்டு, பொன்னிறமானதும் கரண்டியால் அள்ளி வெளியே எடுத்துவிடுங்கள், வாசம் எண்ணெயில் தங்கும். அப்புறம் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, இஞ்சி, பெருங்காயம். தண்ணீரோ புளிக்கரைசலோ அதற்குப் பிறகுதான். வெங்காயத்துக்குப் பதில் டவுன் பாவாங் என்கிற வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி. பருப்பை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுங்கள், வெந்த தண்ணீரையும் வடித்துவிடுங்கள். இதில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டும். அந்தப் பருப்புத் தண்ணீரில் ரசம் வைக்கக் கூடாது. நாம் நீக்க நினைத்தது அத்தனையும் அதில்தான் இறங்கியிருக்கும். பருப்பு வேண்டாத நாளில் தெம்பே வாங்குங்கள். சோயாவைப் புளிக்கவைத்தது, வயிற்றுக்கு இலகு, பாசாரில் மலிவு, சம்பாலுக்கும் பிரட்டலுக்கும் நன்றாக இருக்கும். சோறு, மீன், முட்டை, பப்பாளி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம், சர்க்கரை அளவை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு முதல் ஆறு வாரம், அவ்வளவுதான். பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். பலன் இருந்தால் நீக்கியதை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். மூன்று நாள், முதல் நாள் கொஞ்சம், அடுத்த நாள் கூட, மூன்றாம் நாள் வழக்கமான அளவு. இந்தப் பகுதியை விடவே கூடாது. வெங்காயத்தையும் பருப்பையும் நிரந்தரமாக ஒதுக்கினால் அவற்றைத் தின்று வாழும் நல்ல நுண்ணுயிர்களும் குறைந்துவிடும். அந்த நுண்ணுயிர்கள் நார்ச்சத்திலிருந்து செய்யும் பியூட்டிரேட் என்ற அமிலம்தான் பெருங்குடல் சுவருக்கு முக்கிய உணவு. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு பொருள் மட்டுமே ஒத்துக்கொள்ளாது, அதுவும் அளவு கூடும்போதுதான். உங்களுக்கு இனிப்புநீர் இருப்பதால் இதைத் தனியாகச் செய்யாமல், கிளினிக்கில் உணவியலாளரிடம் அனுப்பச் சொல்லிச் செய்யுங்கள்.

ஷிப்ட் பற்றியும் ஒரு வார்த்தை. சாப்பிடாத நேரத்தில் ஒன்றரை மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடல் வழியாக ஓர் அலை ஓடி, மிச்சத்தைத் துடைத்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு பிஸ்கட் போட்டாலும் அந்த அலை நின்றுவிடும். இரவு ஷிப்டில் கொறித்துக்கொண்டே இருப்பதைவிட, நேரம் வைத்து உட்கார்ந்து ஒரு தடவை சாப்பிடுவது வயிற்றுக்கு நல்லது.

புட்டிகளில் நான் தயங்காமல் சொல்வது இசப்கோல் என்ற நார்ச்சத்துப் பொடி மட்டும்தான். பேதி, மலச்சிக்கல் இரண்டுக்கும் உதவும். அரைத் தேக்கரண்டியில் தொடங்கி, நிறையத் தண்ணீரோடு, மற்ற மாத்திரைகளிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். நல்ல நுண்ணுயிர் என்று விற்கும் புரோபயாட்டிக்குக்கு ஐபிஎஸ்-இல் உறுதியான ஆதாரம் இல்லை. ஆசைப்பட்டால் ஒரே ஒரு வகையை நாலு வாரம் பாருங்கள், மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். குடல் சுவரைப் பழுதுபார்க்கும் என்று விற்கும் குளுட்டமைனுக்கு, கிருமித் தொற்றுக்குப் பிறகு பேதி நிற்காத சுமார் நூறு பேரிடம் நடந்த ஓர் ஆய்வில் பலன் தெரிந்தது. அதை வைத்து எல்லோருக்கும் எழுதிக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

அந்த நிலையத்துக்குப் போயே தீர வேண்டும் என்று தோன்றினால், முதல் ஆலோசனைக்கு மட்டும் காசு கட்டி அந்த ஒரு மணி நேரப் பேச்சை வாங்கிக்கொண்டு வாருங்கள். பேக்கேஜில் அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டாம். இந்த வாரம் நோட்டைத் தொடங்குங்கள், மெட்ஃபார்மின் பற்றிக் கேளுங்கள், ஸ்கோப் அறிக்கையை எடுத்து வையுங்கள். உணவுமுறையைத் தீபாவளி முடிந்த பிறகு ஆரம்பித்தால் போதும், பலகாரம் சுடும் வீட்டில் அதைச் செய்ய முடியாது. மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், நோட்டின் பக்கங்களையும் படம் எடுத்து அனுப்புங்கள், நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.